தேர் இழுத்த லொறியில் ஒரு சத்தம்

வெள்ளை வேட்டியோடு லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். காலையில் குளித்து, விபூதி பூசி, பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திய வேட்டி. முதுகுக்குக் கீழே கூர்க்கல்லும் ஈரமண்ணும். மூக்குக்கு நேர் மேலே கொதிக்கும் டீசல் எஞ்சின். எண்ணெய்ப் பிசுக்கு நாற்றத்தோடு எங்கிருந்தோ சாம்பிராணி வாசனையும் வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து பார்த்தால் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். மஞ்சள் நீர் காய்ந்த வெறும் கால்கள், கொலுசுக் கால்கள், அட்டை கடித்த தழும்போடு கொழுந்து மலை ஏறி இறங்கும் கால்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு ஜோடி பளபளக்கும் தோல் செருப்பு. சாமிக்கு முன்னால் நடக்கும்போதும் கழற்றாத செருப்பு. கோயில் கமிட்டித் தலைவர் சிவலிங்கத்தினுடையது.

"என்னா ராசு, கண்டுபுடிச்சியா இல்லியா?" என்று செருப்பு கேட்டது.

சிவலிங்கம் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். முன்பெல்லாம் "அண்ணே" என்பார். தலைவரான நாளிலிருந்து பெரியவர், சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் மேலே ஒரு வாய் இருந்தது. ஒவ்வொரு வாயிலும் ஒரு வைத்தியம் இருந்தது. லொறி என்னுடையது. அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். ஆனாலும் அந்த லொறியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரே ஆள் நான்தான் என்பதுபோல எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாதை சரியில்லையாம்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வாராவாரம் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறீர்களே, உங்கள் வாழ்க்கையில் நல்லவர்களே கிடையாதா?" இருக்கிறார்கள். இந்த வாரம் ஒருத்தி வருகிறாள். அவள் வரும்வரை திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்த தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் மலைகளில் ஒன்றில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சிவலிங்கம் அதற்கும் நன்றி தெரிவித்து ஒரு பேனர் அடிப்பார். நான் பிறந்தது அங்கேதான். மரக்கறி லொறி ஓட்டத் தொடங்கியபின் பதுளை டவுன் பக்கம் வந்துவிட்டேன். என் தங்கை புஷ்பம் மட்டும் அங்கேயே இருக்கிறாள். கீழ்க்கணக்கில் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள்.

கணக்கு என்றால் எங்கள் தோட்டத்துப் பேச்சில் ஒரு பிரிவு. மேல்கணக்கில்தான் கோயில், தொழிற்சாலை, ஆபீஸ், சிவலிங்கத்தின் கடை எல்லாம். கீழ்க்கணக்கு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில், நாலைந்து லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

வருஷா வருஷம் அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் தேர் ஓடும். தேர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ட்ரெக்டர் ட்ரைலரில் இரும்புச் சட்டம் அடித்து, கலர் பல்பும் பூவும் சுற்றி, நடுவில் அம்மனை உட்கார வைப்பார்கள். தோட்டத்து ட்ரெக்டர் அதை இழுக்கும். தேர் மேல்கணக்கு லயங்களைச் சுற்றும். ஆபீஸ் வாசலில் நிற்கும். சிவலிங்கத்தின் கடை வாசலில் ரொம்ப நேரம் நிற்கும். கீழ்க்கணக்குக்கு மட்டும் போகாது.

ஏன் என்று கேட்டால் பாதை சரியில்லை என்பார்கள். அந்தப் பாதையில்தான் கொழுந்து லொறி நாள் தவறாமல் போய் வருகிறது. தேயிலைக்கு நல்ல பாதை, அம்மனுக்கு மட்டும் கெட்ட பாதை. உண்மைக் காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கீழ்க்கணக்கு ஆட்கள் சாதியில் தங்களுக்குக் கீழே என்ற நினைப்பு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. காலையில் ஒரே பெரட்டில் வரிசையாக நின்று வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள், ஒரே மலையில் கொழுந்து எடுப்பார்கள், ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பார்கள். கோயில் பேச்சு வந்ததும் பாதை சரியில்லாமல் போய்விடும்.

டீசல் தட்டுப்பாட்டு வரிசைகளெல்லாம் ஓய்ந்து லொறிகள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய சமயம் அது. அந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் புஷ்பம் எழுந்து நின்றிருக்கிறாள்.

"தேரு கீழ வரலேன்னா, கீழ்க்கணக்குலேருந்து ஒரு பால்குடமும் மேல வராதுங்க. நல்லா யோசிச்சிக்கங்க."

தேருக்கு முந்தின நாள் பால்குடம் எடுப்பவர்களில் பாதிக்கு மேல் கீழ்க்கணக்குப் பெண்கள். அவர்கள் வராவிட்டால் ஊர்வலம் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும். வீடியோக்காரருக்கு வேறு சொல்லியாகிவிட்டது. பக்திக்காக இல்லாவிட்டாலும் வீடியோவுக்காகக் கமிட்டி ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொண்ட மறுவாரமே தோட்டத்து ட்ரெக்டருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அதுவரை ஒரு தும்மல்கூடப் போடாத ட்ரெக்டர். புஷ்பம் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒன் லொறி தேர இழுக்குமா?"

"பண்டாரவளையிலேருந்து மலையா மரக்கறி இழுக்குது. அம்மன இழுக்காதா?" என்றேன்.

யானையும் தீப்பெட்டியும்

தேர் நாள் காலையில் லொறியைக் கோயிலடிக்குக் கொண்டுபோனேன். ஜோடித்தார்கள். இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம், மேலே மாவிலைத் தோரணம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பின்னால் கொக்கியில் தேர். லொறித் தட்டில் ஜெனரேட்டரும், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளும். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

பிறகு பேனர் வந்தது. பிளாஸ்டிக் பேனர். முன்கண்ணாடிக்குக் கீழிருந்து பம்பர் வரை லொறியின் முகத்தையே மூடும் அளவு. அதில் சிவலிங்கம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கும் எண்ணம் அவருக்கு. மேல் மூலையில் அம்மன் இருந்தாள். கும்பிடுகிறவர் யானை அளவு, கும்பிடப்படுகிறவள் தீப்பெட்டி அளவு.

"ஹெட்லைட்ட மறைக்காமக் கட்டுங்கப்பா" என்றேன். என் மண்டையில் அப்போது அவ்வளவுதான் உறைத்தது.

"பட்டப்பகல்ல ஹெட்லைட் என்னாத்துக்கு ராசு? நல்லா இழுத்துக் கட்டுங்க, வீடியோவுல ஆடக்கூடாது" என்றார் சிவலிங்கம்.

நைலோன் கயிறு போட்டு, தோல் இழுத்துக் கட்டிய மேளம் மாதிரி விறைப்பாகக் கட்டினார்கள். கட்டி முடித்து அவரே தூரத்தில் போய் நின்று தன் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்க்கும்போதுகூட யாரும் அவ்வளவு நேரம் நின்று பார்க்கமாட்டார்கள்.

முழக்கம்

மேல்கணக்குச் சுற்று ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. அங்கே பாதை மட்டமானது. லொறி பூனை மாதிரிப் போனது.

பிறகு மலைமுகட்டுக்கு ஏறத் தொடங்கினோம். முதல் கியர், ஆள் நடக்கும் வேகம். உச்சி வெயில். முன்னால் தவிலும் நாதஸ்வரமும், தட்டில் ஸ்பீக்கர் பாட்டு, பின்னால் தேர். பாதி ஏற்றத்தில் பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் இரைகிறது என்று நினைத்தேன். இல்லை. அடைமழைக்கு முந்திச் சவுக்குத் தோப்புக்குள் காற்று இறங்குமே, அந்த மாதிரி ஒரு முழக்கம். அக்ஸிலேட்டரை மிதித்தால் கூடியது, விட்டால் அடங்கியது. கால் பக்கம் அனலாக அடித்தது.

முகட்டுக்கு முந்தின வளைவில் நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, மேளத்தை நிறுத்து, ஜெனரேட்டரை அணை என்று கத்தினேன். மலை முழுக்க அமைதியானது. எஞ்சின் மட்டும் சும்மா ஓடியது, எந்தக் குறையும் இல்லாமல். மிதித்தேன். ஹோ என்று முழங்கியது. விட்டேன். அடங்கியது.

அப்போது சிவலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். பேனர் முகத்தை அல்ல, உண்மை முகத்தை. அதில் ஒரு நிம்மதி வந்தது. கண்ணாரக் கண்டேன்.

"அம்மனுக்கு இஷ்டமில்ல போல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியான ஒரு மெல்லிய குரலில்.

லொறி பழுதாவது பெரிய காரியமில்லை, பழுது பார்த்துக்கொள்ளலாம். தேர் நின்ற இடத்தில் சொன்ன வார்த்தையைப் பழுது பார்க்க முடியாது. கீழ்க்கணக்குக்கு வர அம்மனே மறுத்துவிட்டாள் என்று ஒரு தடவை பெயராகிவிட்டால், அதற்குப் பிறகு பாதை சரியில்லை என்ற சாக்குகூடத் தேவையில்லை. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்தக் கதவை அடைத்துவிடுவார்கள்.

அந்தச் சத்தம் என்னவென்று அந்த வளைவிலேயே நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

நிபுணர் மாநாடு

என் லொறி மாதிரி லொறிகளில் எஞ்சின் ட்ரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். முன்கூண்டை அப்படியே முன்பக்கம் கவிழ்த்துத்தான் திறந்து பார்க்கவேண்டும். கவிழ்ப்பதற்கு வாழைமரத்தையும் பேனரையும் அவிழ்க்கவேண்டும்.

"அலங்காரத்தக் கலைக்கிறதா? தெய்வக் குத்தமாயிரும்!" என்று சிவலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

அதனால்தான் வேட்டியோடு அடியில் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று.

முதல் நிபுணர் மனோகரன். கட்டாரில் இரண்டு வருஷம் ஏதோ ஒரு கராஜில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கார் கழுவினாரா, எஞ்சின் கழற்றினாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"டர்போ போயிருச்சிண்ணே. இது டர்போ சத்தம்தான். கட்டார்ல நான் பாக்காத டர்போவா?"

"இந்த லொறியில டர்போவே இல்லை மனோகரா."

கொஞ்சமும் அசரவில்லை. "அதான்ணே. டர்போ இல்லாததாலதான் இழுக்க ஏலாம இப்படிச் சத்தம் போடுது" என்றார்.

அடுத்தவர் ஆபீஸ் கிளார்க். சத்தத்தைப் போனில் பதிவு செய்து கனடாவிலிருக்கும் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் அங்கே என்ன வேலை என்று கேட்டேன். கேக் கடையில் இருக்கிறாராம். பதில் உடனே வந்தது: எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் தூர விலகி நில்லுங்கள், வெடிக்கலாம். அதைக் கிளார்க் உரக்க வாசித்ததும் பாதிக் கால்கள் பின்னால் போயின. செருப்பு எல்லோருக்கும் முதலில் போனது.

பூசாரி நல்ல மனிதர். அதற்காக உதவினார் என்று சொல்லமுடியாது. சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று சரியாக நசுங்கவில்லை, இன்னொன்று வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வையுங்கள் என்றேன். வைத்தார்.

எனக்குத் தெரிந்ததை நானும் செய்தேன். நீளமான ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, நுனியைத் தண்ணீர்ப் பம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். டொக்டர் குழாய் வைத்துக் கேட்பதுபோல்தான். பம்பு சுத்தம். பெல்ட் சுத்தம். கியர் பெட்டி சுத்தம். சைலன்சரில் ஓட்டை இல்லை. தேர்க்கொக்கியும் சரி. சூடு காட்டும் முள் இருந்தால் அதைப் பார்த்தாவது ஏதாவது யோசிக்கலாம். எங்கள் ஆட்களின் லொறிகளில் அந்த முள் செத்து வருஷக்கணக்காகியிருக்கும். செத்த முள்ளை மாற்றுவதைவிடக் கண்ணாடியில் குஞ்சம் கட்டுவதுதான் எங்களுக்கு முக்கியம். என் லொறியிலும் குஞ்சம் இருந்தது.

பண்டாரவளை அட்டை

அடியில் படுத்துக்கொண்டு யோசித்தால் சம்பந்தமில்லாததெல்லாம் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஓர் அட்டைப்பெட்டிக் கதை ஞாபகம் வந்தது.

பண்டாரவளைக் குளிரில் விடியற்காலை டீசல் எஞ்சின் லேசில் சூடாகாது. கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு நிற்கும் லொறிக்காரர்கள் என்ன செய்வார்களென்றால், ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் சொருகுவார்கள். குளிர்காற்று படாவிட்டால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். பனி விலகியதும் அட்டையை உருவிவிடவேண்டும்.

என்னோடு லொறி ஓட்டிய ஒருவர் அதை உருவ மறந்துவிட்டு மொனராகலைக்கு இறங்கினார். மொனராகலை வெயில் தெரியும்தானே. லொறி முழங்கி, கொதித்து, பாதையோரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எவனோ தனக்குச் சூனியம் வைத்துவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார். ஆறவைத்து ஆறவைத்து ஒரு மந்திரக்காரரிடம் லொறியைக் கொண்டுபோனார். மந்திரக்காரர் வேப்பிலையோடு லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அட்டையைத் தாண்டித்தான் போயிருப்பார். கடைசியில் கண்ணாடியில் கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினார். அட்டை அங்கேயே இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் சிரிக்காத தேத்தண்ணிக் கடை ஊவா மாகாணத்தில் இல்லை. அன்றும் லொறிக்கு அடியில் கிடந்தபடி நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

தலைவர் மூச்சு இழுக்கிறார்

முகட்டைத் தாண்டினதும் ஒரு மடுவம் உண்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகை. கீழ்க்கணக்குப் பெண்கள் விடிந்ததிலிருந்து அங்கே கும்பத்தோடு காத்திருந்தார்கள். ஸ்பீக்கர் பாட்டு நெருங்கி வந்து, பட்டென்று நின்றுபோனது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. புஷ்பம் இந்தப் பக்கம் இறங்கி ஓடி வந்தாள்.

வந்தவள் காதில் விழுந்தது சிவலிங்கத்தின் குரல். "திருப்பிருவோம்பா. அம்மன் மனசுக்கு விரோதமா நாம போகக்கூடாது. அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

கால்களுக்கு நடுவில் என் தங்கையின் முகம் தெரிந்தது. குனிந்து என்னைப் பார்த்தாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, உண்மையச் சொல்லு. லொறிக்கு ஏலாதா, இவங்களுக்கு ஏலாதா?"

"தெரியல புள்ள. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாருண்ணே. நல்லாப் பாரு. இன்னிக்கு இது திரும்புச்சின்னா எங்க புள்ளைங்ககிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? மனுசன் வேணாம்னா சண்டை போடலாம். சாமியே வேணாம்னுருச்சின்னா யாருகிட்டப் போயி சண்டை போட?"

மனோகரனைக் கூப்பிட்டு, உள்ளே ஏறி அக்ஸிலேட்டரை மிதி, இன்னொரு தடவை கேட்கிறேன் என்றேன். புஷ்பம் எழுந்து லொறியின் முன்பக்கம் போனாள். அதுவரை யாரும் அங்கே போய் நின்றிருக்கவில்லை. பக்கவாட்டில் நின்றார்கள், பின்னால் நின்றார்கள், அடியில் நான் கிடந்தேன். அந்தப் பேனருக்கு நேரே நின்று அந்த முகத்தைப் பார்க்க யாருக்கு ஆசை?

மனோகரன் மிதித்தார். முழங்கியது. புஷ்பம் சிரித்தாள்.

சாதாரணச் சிரிப்பில்லை. அழுகை வரும் நேரத்தில் அடக்கமுடியாமல் வெடிக்கும் சிரிப்பு.

"ஐயோ அண்ணே, வந்து பாரு! தலைவரு மூச்சு இழுக்குறாரு!"

முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். மனோகரன் மிதிக்க மிதிக்க, பேனரில் இருந்த சிவலிங்கத்தின் இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டிப்போயின. மூக்கு மடங்கியது. சிரிப்பு கோணியது. கிரில் கம்பிகள் அவர் பல்லுக்குப் பின்னால் வரிவரியாகத் தெரிந்தன. காலை எடுத்ததும் கன்னம் மறுபடி உப்பிக்கொண்டது.

எனக்குப் பொறி தட்டியது. பிஸ்கட் பெட்டி அட்டை!

விஷயம் இவ்வளவுதான். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு பெரிய ஃபேன் சுற்றுகிறது. எஞ்சின் சூடு அளவோடு இருந்தால் அது சோம்பலாகச் சுற்றும். சூடு மிஞ்சினால் இறுகிப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றி, முன்பக்கமிருந்து காற்றை உறிஞ்சும். அப்போது ஹோ என்று இரையும். பாரம் இழுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றம் ஏறும்போது கொஞ்சம் இரைவது இயல்பு. எங்கள் லொறிக்கு உறிஞ்சக் காற்றே இல்லை. முன்னால் சிவலிங்கம் நின்றார், விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு.

அம்மனுக்கு இஷ்டமில்லாமல் இல்லை. வழியை அடைத்துக்கொண்டிருந்தது அவருடைய முகம்.

மடித்து வையுங்கள்

ஒரு பக்கக் கயிற்றை மட்டும் அவிழ்த்துப் பேனரைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். புஷ்பமும் இன்னும் இரண்டு பெண்களும் பிடித்தார்கள். எஞ்சினை அப்படியே ஓடவிட்டேன். ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போனது. பிறகு மிதித்தேன். முழக்கம் இல்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். எஞ்சின் தன் வழக்கமான குரலில் பேசியது.

யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

"அப்ப சத்தம் நின்னுருச்சி" என்றார் சிவலிங்கம். "பேனரக் கொஞ்சம் லூசாக் கட்டிக்கிட்டுப் போவோம்."

"கட்டினா மறுபடி கத்தும் தலைவரே. இன்னும் ஏத்தம் இருக்கு. எஞ்சின் வெந்துரும்."

"சாமி அலங்காரத்துலேருந்து எடுக்குறதுன்னா..."

"இதுல சாமி எங்க இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூலையில் தேடினார்.

எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது. தேர்ப்பக்கம் கையைக் காட்டிச் சொன்னேன். "சாமி பின்னாடி ஒக்காந்திருக்கு. நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒங்க படத்தோட திரும்பிப் போவோமா, படம் இல்லாமக் கீழ போவோமா? எல்லாரும் கேக்குறாங்க. வீடியோவும் ஓடுது."

வீடியோக்காரர் உண்மையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். சிவலிங்கம் கமெராவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் வாக்காளர்கள் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கவேண்டும். தானாகவே கையைக் கூப்பிக்கொண்டார்.

"நான் எப்பவாச்சும் வேணாம்னு சொன்னேனா? மடிச்சிப் பத்திரமா வையுங்க" என்றார்.

அதைச் சொன்னவர் எங்களோடு கீழே வரவில்லை. கடையில் ஆளில்லையாம். செருப்புச் சத்தம் மேல்கணக்குப் பக்கம் தேய்ந்துபோனது. மனோகரன் வந்தார். வழியெல்லாம், "நான் அப்பவே காத்துப் பிரச்சினைதான்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

யார் பேருக்கு?

முகட்டைத் தாண்டி இறங்கும்போது பாதையைப் பார்த்தேன். குழிகளையெல்லாம் கல் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். பக்கத்துப் புல்லைச் செதுக்கியிருந்தார்கள். லயத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒவ்வொரு காம்பரா வீட்டு வாசலிலும் மாவுக்கோலம்.

தேர் நின்றது. மஞ்சள் நீர் ஊற்றினார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை காலமும் தட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பழகியவர்கள். தங்கள் வாசலில் சாமி நிற்கும்போது எப்படி நிற்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார்.

பூசாரி இறங்கி முதல் தட்டை வாங்கினார். புஷ்பத்தின் தட்டு.

"யார் பேருக்கும்மா?"

"கீழ்க்கணக்கு பேருக்குப் பண்ணுங்க சாமி."

"நட்சத்திரம்?"

"அதெல்லாம் இல்லீங்க. பேரு மட்டும் சத்தமாச் சொல்லுங்க. மேல வரைக்கும் கேக்கட்டும்."

பூசாரி சத்தமாகவே சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. எண்ணெய்க் கையால் துடைத்துக்கொண்டதில் இன்னும் எரிந்து, இன்னும் கலங்கியது. மேடைப் பேச்சு கேட்டோ, திருமணப் பாட்டு கேட்டோ அழுகிற ஆள் நானில்லை. அன்று என் தங்கையை நினைத்து அழுதேன்.

பூசை முடியவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தேருக்குத் தார்ப்பாய் போட்டோம். மடித்து வைத்த பேனர் லொறித் தட்டில் கிடந்தது. வாங்கிக்கொள்ள அதன் சொந்தக்காரர் இல்லை. புஷ்பம் அதைக் கையில் எடுத்துத் தடிப்புப் பார்த்தாள்.

"நல்ல சாமான்ணே" என்று சொல்லிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் போனபோது பார்த்தேன். அவள் விறகடுக்கின் மேல் சிவலிங்கம் கைகூப்பியபடி மல்லாந்து கிடந்தார், நாலு மூலையிலும் கல் வைத்து. மழைத்தண்ணீர் அவர் கன்னத்தில் தேங்கியிருந்தது. அடியில் விறகு காய்ந்து கலகலவென்று இருந்தது.

அந்த மனிதர் லேசில் விடுகிற ஆளா? அடுத்த திருவிழா நெருங்கியதும் கமிட்டிக் கூட்டத்தில் புதுப் பேனருக்குத் தீர்மானம் போட்டார்கள். "கீழ்க்கணக்குக்கு முதன்முதல் தேர் கொண்டுசென்ற எங்கள் தலைவர்" என்று கொட்டை எழுத்தில். போன தடவையை விடப் பெரிசு. கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே புஷ்பத்துக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அந்த வளைவைத் தாண்டி ஓரடிகூட வைக்காதவன், வெட்கம் மானம் இருக்கிறதா, நீ கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டாமா என்று நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டே போனேன்.

அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். தேருக்குப் பின்பக்கமாகக் கட்டச் சொல்லி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டாளாம்.

"அடிக்கட்டும்ணே" என்றாள். "நல்லாப் பெரிசாவே அடிக்கட்டும். நம்ம விறகு இன்னும் ஒரு பக்கம் நனையுது."